தேக்காவுக்குப் பாட்டியோடு போகட்டும்

தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் சண்டை பெரும்பாலும் கைப்பேசியால்தான். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் 2025 வழிகாட்டியைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்: 18 மாதம் ஆகும்வரை திரையே வேண்டாம், பிறகு 6 வயதுவரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு 1 மணி நேரத்துக்குள், சாப்பிடும்போது கூடவே கூடாது.

திரைக்குப் பதிலாக, சனிக்கிழமை காலை பிள்ளையைப் பாட்டியோடு தேக்கா சந்தைக்கு அனுப்புங்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பேரனே பொறுக்கட்டும், தமிழில் விலை கேட்கட்டும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பாட்டி தமிழை விடக்கூடாது. மழையென்றால் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகட்டும்.

பெரியவர்களுக்கு வாரம் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். வேலைக்குப் போகும் தாய்மார், தகுதியிருந்தால், தாத்தா பாட்டி பராமரிப்புக்காக வருமான வரியில் 3,000 வெள்ளிக் கழிவு கோரலாம். தவறாமல் கோருங்கள்.