ஒரு மாடு உள்ளவருக்கும் ஒரு வாக்கு

முற்றத்திலே பத்து மாடு நின்ற குடும்பங்கள் பல, இடம்பெயர்ந்த பின் ஒரு பசுவோடு அல்லது ஒன்றுமின்றி வாழ்கின்றன. கட்டவிழ்த்து விட்டுவந்த மாடுகளின் பெயரைச் சொல்லிக் கண்கலங்கும் தாய்மாரை நாம் அறிவோம். "ஒரு மாட்டை வைத்துக்கொண்டு நாங்கள் எதை மாற்றலாம்? வாங்க வருகிறவர் சொல்வதுதானே விலை" என்ற பேச்சும் எமக்குப் புதிதல்ல. இதற்கு விடை தேட, இந்தியாவின் குஜராத் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தலைவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம்.

அவர் யார்?

திரிபுவன்தாஸ் பட்டேல் 1903ஆம் ஆண்டு ஆனந்த் என்னும் ஊரிலே கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியின் வழியைப் பின்பற்றி 1930இல் சிறை சென்றார். அவரது மாவட்டமான கேடாவில் ஒன்றிரண்டு எருமைகளை வைத்துப் பிழைத்த ஏழைகள் ஏராளம். 1945இல் பம்பாய் நகருக்கு அங்கிருந்து பால் அனுப்பும் திட்டம் தொடங்கியது. பாலைச் சேர்க்கும் உரிமை பொல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்கே கிடைத்தது. நகரிலே பால் நல்ல விலைக்குப் போயிற்று. கறந்தவர் கையில் வந்ததோ சிறு தொகை.

கமக்காரர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். சொந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதே வழி என்றார் அவர். 1946 ஜனவரி 4ஆம் திகதி சமர்க்கா கிராமத்திலே கூட்டம் நடந்தது. ஊருக்கு ஊர் சங்கம் அமைப்பது, அரசு அச்சங்கங்களிடம் பால் வாங்க மறுத்தால் நிறுவனத்துக்குப் பால் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. பதினைந்து நாள் பால் போகவில்லை. இறுதியில் அரசு இணங்கியது. 1946 டிசம்பர் 14ஆம் திகதி கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாகியது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார்.

1948 யூன் மாதத்தில் இரண்டே கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்கு 250 லீற்றர் அளவு பாலுமாக வேலை தொடங்கியது. இன்று அமுல் என்று உலகம் அறிந்த அமைப்பு இதிலிருந்து வளர்ந்ததே.

அவரது தலைமையில் நாம் காண்பவை

முதலாவது, அவர் நடந்தார். ஊர் ஊராகச் சென்று மக்களோடு பேசிச் சங்கங்களை உருவாக்கினார்.

இரண்டாவது, தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தார். 1949இல் ஆனந்துக்கு வந்த இளம் பொறியியலாளர் வர்கீஸ் குரியனை அங்கேயே தங்கச் செய்து, தொழிலின் பொறுப்பைக் கொடுத்தார். மக்களின் நம்பிக்கையைக் காப்பது தலைவரின் வேலை, இயந்திரத்தை நடத்துவது குரியனின் வேலை என்று இருவரும் பங்கிட்டு உழைத்தனர். மாமனாரின் மந்தையை மேய்த்த மோசே, பின்பு அதே மாமனார் எத்திரோவின் ஆலோசனைப்படி பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்ததை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, தமக்கென்று சேர்க்கவில்லை. அவர் ஓய்வுபெறும்போது உறுப்பினர்கள் அளித்த பணமுடிப்பைக் கொண்டு, கிராமத் தாய்மாரினதும் குழந்தைகளினதும் நலனுக்காக ஓர் அறநிலையம் தொடங்கினார். 1963இல் மக்சேசே விருது பெற்ற அவர், 1994இல் காலமானார்.

சங்கம் எப்படி நம்பிக்கை பெற்றது?

காலையும் மாலையும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பால் கொடுப்பர். முதலில் வந்தவருக்கு முதலிடம், சாதி பார்ப்பதில்லை. பால் எல்லோர் முன்னும் அளக்கப்படும், கொழுப்பும் சோதிக்கப்படும். 5 கிலோ பாலில் கொழுப்பு 3.5 வீதமானால் 175 கிராம் கொழுப்பு உண்டு; 4.5 வீதமானால் 225 கிராம். இரண்டாமவருக்கு விலை கூடும். தண்ணீர் கலந்தால் வீதம் குறையும், விலையும் குறையும். ஆகவே கலப்படத்தால் இலாபமில்லை. எத்தனை மாடு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குத்தான்.

எமக்கு எது பொருந்தும்?

ஆனந்த் மக்கள் இடம்பெயர்ந்தவர்களல்லர். அவர்களுக்கு ஊரும் உறவும் கலையாமல் இருந்தன. எமக்கோ பக்கத்து வீட்டார் யாரென்றே புதிதாக அறிய வேண்டியுள்ளது. அன்றாடப் பால்காசில் உலை வைக்கும் குடும்பத்தால் பதினைந்து நாள் பொறுப்பதும் இலகுவல்ல. எனவே போராட்டத்துக்கு முன் நம்பிக்கையும் சிறு சேமிப்பும் வேண்டும். அருகருகே உள்ள ஐந்தாறு குடும்பங்கள் இவ்வாறு தொடங்கலாம்:

1. கொடுத்த பால், பெற்ற பணம் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2. மடியையும் வாளியையும் கழுவி, பாலை வடித்து, நிழலில் வைத்துத் தாமதமின்றிச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். வெப்பத்தில் கிருமி பெருகிப் பால் திரைந்துவிடும்.

3. பாலைக் கொண்டுசெல்லும் வேலையை முறைவைத்துச் செய்யுங்கள். ஐந்து பேரின் அலைச்சல் ஒருவரின் அலைச்சலாகும்.

4. கறப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணக்கிலும் முடிவிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

5. மாடில்லாத குடும்பத்தை மறவாதீர்கள். பிறக்கும் நாகு கன்றுகளில் ஒன்றை அவர்களுக்கு வளர்க்கக் கொடுக்க முடியுமா என்று பேசுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

அ. எமது பாலின் விலையை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள்?

ஆ. எமக்குள் யாருடைய சொல்லை எல்லோரும் நம்புகிறார்கள்? ஏன்?

இ. அடுத்த கூட்டத்துக்கு முன் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை என்ன?

இரண்டு கிராமங்களின் பாலோடு தொடங்கிய வேலை அது. எமது ஐந்து வாளிகளையும் நாம் அற்பமாக எண்ணவேண்டியதில்லை.