முகமும் குரலும்

பிரிவு மக்கள் வாழ்வில் தவிர்க்க இயலாதது. கல்வி கருதியும் பொருள் கருதியும் மக்கள் ஊரை விட்டு ஊருக்கும், நாட்டை விட்டு நாட்டிற்கும் சென்ற வண்ணம் இருக்கின்றனர். பழந்தமிழ் இலக்கணம் இத்தகைய பிரிவுகளை வகைப்படுத்தி, ஓதற்பிரிவு என்றும் பொருள்வயிற்பிரிவு என்றும் பெயர் இட்டு வழங்கியது. சென்றவரை நினைந்து வீட்டில் இருப்போர் வருந்துவதும், அவரைப் பற்றிய செய்தி கேட்டு மகிழ்வதும் எக்காலத்தும் உள்ளனவே.

முற்காலத்தில் தூதும், பிற்காலத்தில் கடிதமும் இத்துன்பத்தை ஒருவாறு தணித்தன. 1876-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். அன்று தொட்டு மனிதன் குரல் நெடுந்தொலைவைக் கடக்கலாயிற்று. ஆயினும், பேசுவோரின் முகத்தையும் காண வேண்டும் என்னும் வேட்கை தீரவில்லை. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் ஓர் அரிய காட்சியை நடத்திக் காட்டினர். வாஷிங்டன் நகரில் அமர்ந்து பேசிய ஹெர்பர்ட் ஹூவரின் முகத்தை நியூயார்க்கில் இருந்தோர் கண்டனர். அவர் குரலையும் உடன் கேட்டனர். ஆனால், ஹூவர் அவர்களைக் காண இயலவில்லை. படம் ஒரு திசையில் மட்டுமே சென்றது.

1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் படத்தொலைபேசி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு மாதக் கட்டணம் 160 டாலர்! அத்துணைப் பணம் கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. தாம் வாங்கினும், தம் உறவினரிடமும் அக்கருவி இல்லையேல் பயன் யாது? எனவே அம்முயற்சி சில ஆண்டுகளில் தளர்ந்து மறைந்தது.

இன்று கணிப்பொறிகளில் பொருத்தப்பெறும் சிறு காமிராவின் கதை வேடிக்கையானது. 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தினர், காப்பிப் பாத்திரத்தில் காப்பி உள்ளதா என்பதைத் தம் இருக்கையிலிருந்தே அறிய விரும்பினர். அதற்காகப் பாத்திரத்தின் எதிரே ஒரு காமிராவை நிறுத்தினர். 1993-இல் அப்படம் இணையத்தில் ஏற்றப்பட்டு உலகெங்கும் தெரியலாயிற்று. வெறும் பாத்திரத்தைக் காணப் பல நாட்டவர் விழைந்தனர். 2001-இல் அக்காமிரா நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, 1994-ஆம் ஆண்டில் கனெக்டிக்ஸ் என்னும் நிறுவனம் வீட்டுக் கணிப்பொறிக்கென ஒரு காமிராவை விற்கத் தொடங்கியது. அது வண்ணமின்றிச் சாம்பல் நிறத்திலேயே படம் காட்டியது. இன்றோ, கைப்பேசியிலும் மடிக்கணிப்பொறியிலும் காமிராவும் ஒலிவாங்கியும் உடன் அமைந்தே வருகின்றன. காணொளி அழைப்பு எளிய குடும்பத்திற்கும் உரியதாயிற்று.

எனினும், கருவி எளிதிற் கிடைப்பதனாலேயே உரையாடல் இனிது அமைந்துவிடுவதில்லை. சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் ஒருவன், நெல்லைச் சீமையில் உள்ள தன் தாயுடன் வாரந்தோறும் பேசுகின்றான் என்று கொள்க. தாய்க்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. செவிப்புலனும் சற்றே மந்தம். "என்னப்பா சொன்னாய்?" என்று அவர் இருமுறை கேட்பார். மூன்றாம் முறை கேட்க நாணி, புரிந்தவர்போலத் தலையசைப்பார். மருந்தின் அளவைப் பற்றி மகன் கூறியது இவ்வாறு தவறிப் போகுமாயின் தீங்கு விளையுமன்றோ? ஆதலின், இக்கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவது வீண் வேலையன்று.

இங்கு முதற்கண் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மக்கள் வாங்கும் பொருள்களில் பெரும்பாலன வாங்குவோருக்கே பயன்படுவன. காமிராவும் ஒலிவாங்கியும் அவ்வாறானவை அல்ல. மகன் வாங்கும் ஒலிவாங்கியின் நன்மையை அடைபவர் தாய். தாயின் முன் உள்ள காமிராவின் நன்மையை அடைபவன் மகன். தன் குரல் தெளிவாகச் செல்கிறதா என்பதைத் தானே அறிவது எளிதன்று. மறுமுனையில் இருப்பவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

காமிரா, ஒலிவாங்கி ஆகிய இரண்டனுள் எதற்கு முதலிடம் தருவது? விலை கொடுப்போர் பலரும் காமிராவையே நாடுவர். ஆனால், பேச்சின் நடுவே படம் மறைந்தால் உரையாடல் தொடரும். குரல் மறைந்தால் உரையாடல் அங்கேயே முடியும். ஆகவே, ஒலிவாங்கிக்கே முதலிடம் தருதல் அறிவுடைமை.

ஒலிவாங்கியின் தொழில், காற்றின் அதிர்வை மின்னலைகளாக மாற்றுவது. 1962-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவர், நிலையான மின்னேற்றம் கொண்ட மெல்லிய தகட்டால் இயங்கும் ஒலிவாங்கியைப் படைத்தனர். சிறியதாகவும் மலிவாகவும் இருந்தமையால் அது தொலைபேசிகளிலும் ஒலிப்பதிவுக் கருவிகளிலும் பெருகிப் பரவியது. மலிவான ஒலிவாங்கியும் நன்கு உழைக்கும் என்பதற்கு இதுவே சான்று. அதனை வைக்கும் இடமே அதன் பயனை உறுதி செய்கிறது.

வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் உள்ள ஒலிவாங்கியை நான்கு சாண் தொலைவிற்கு நகர்த்தினால், அதனை நேராக வந்தடையும் குரலின் வலிமை பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால், மின்விசிறியின் இரைச்சலும், சமையலறைக் குக்கரின் சீழ்க்கையும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் அவ்வாறு குறைவதில்லை. எனவே, தொலைவிலுள்ள கருவியில் குரல் மெலிந்தும் இரைச்சல் மேலோங்கியும் கேட்கும். கணிப்பொறியின் உள்ளே அமைந்த ஒலிவாங்கியில் குறை காண்போர் பலர். அக்குறையின் பெரும்பகுதி தொலைவினால் வருவதே. தனித்திருந்து பேசுவோர்க்கு வாயருகே ஒலிவாங்கி நிற்கும் ஹெட்போன் சாலச் சிறந்தது. அதன் ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருப்பின் மூச்சுக்காற்று மோதும். ஆதலின், வாயின் ஓரத்தில் இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்துதல் நலம். மேசை மேல் வைக்கும் ஒலிவாங்கியை வாங்குவோர், முன்புறத்து ஒலியை மிகுதியாகவும் பின்புறத்து ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் வகையைத் தேர்தல் வேண்டும். குடும்பத்தினர் நால்வர் ஐவர் சூழ்ந்து அமர்வாராயின், எல்லாத் திசையினின்றும் ஒலியை ஏற்கும் வட்ட வடிவான கருவியை நடுவில் வைக்கலாம்.

பேசுவோர் தம் குரலே திரும்பி வந்து கேட்கிறது என்று சில வேளைகளில் வருந்துவதுண்டு. இக்குறை அவர் இருக்கும் இடத்தில் இல்லை. மறுமுனையில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து எழும் அவர் குரலை, அங்குள்ள ஒலிவாங்கியே மீண்டும் கவர்ந்து அனுப்பிவிடுகிறது. மறுமுனையில் இருப்பவர் ஒலியைக் குறைத்தாலும், ஹெட்போன் அணிந்தாலும் இக்குறை நீங்கும்.

பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரை அதிர்வெண் கொண்ட ஒலிகளையே ஏற்றிச் சென்றது. மனிதச் செவியோ இளமையில் 20 முதல் 20,000 வரை கேட்க வல்லது. சீறி ஒலிக்கும் சகரம் போன்ற ஒலிகளின் கூர்மை, அப்பழைய எல்லைக்கு மேலும் பரவி நிற்பது. இணைய வழி உரையாடலில் இவ்வெல்லை விரிந்துள்ளது. செவி மந்தமானவர்க்கு இஃது ஒரு பேருதவியாகும்.

இனிக் காமிராவைக் காண்போம் என்பார்க்கு, முதலில் எதிர்ப்படுவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. 1280-க்கு 720 என்னும் அளவுள்ள படத்தில் 9,21,600 புள்ளிகள் உள்ளன. 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 படங்கள் வீதம் அனுப்பினால் அசைவு இயல்பாகத் தோன்றும். குடும்ப உரையாடலுக்கு இவ்விரண்டில் ஒன்று போதும். அதனினும் மிகுந்த புள்ளிகளை, கையகலக் கைப்பேசித் திரையில் பார்க்கும் தாய் வேறுபடுத்தி அறியமாட்டார்.

புள்ளிகளைவிடக் கருத வேண்டியது பார்வைக் கோணம். 60 பாகைக் கோணமுள்ள காமிரா, ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் அகலத்தைக் காட்டும். ஒருவர் அமர இது போதும். 90 பாகைக் கோணம் இரண்டு மீட்டர் அகலத்தைக் காட்டும். பேரப்பிள்ளைகளும் உடன் அமரலாம். விற்போர் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்த கோணத்தையே கூறுவர் ஆதலின், அகலம் சற்றுக் குறைவாகவே அமையும். தான் வரைந்த ஓவியத்தைக் காமிராவின் அருகே நீட்டிப் பாட்டிக்குக் காட்டும் குழந்தை உள்ள வீட்டில், தொலைவுக்கேற்பத் தானே தெளிவு கொள்ளும் காமிரா வேண்டும்.

எத்துணைச் சிறந்த காமிராவும் ஒளியின்றிச் செயற்படாது. இச்சிறு காமிராக்களின் ஒளியுணரி விரல்நகத்தினும் சிறியது. ஒளி குறைந்த அறையில் அது நெடுநேரம் ஒளியைத் திரட்ட முயலும். அதனால் அசைவு குழம்பும். முகத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். சிங்கப்பூரில் இரவு 8 மணி ஆகும்போது தமிழ்நாட்டில் மாலை 5.30 மணி. அவ்வேளையில் தாய் மேற்கு வாயிலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால், பின்னால் நிற்கும் வெயிலை நோக்கியே காமிரா தன்னைச் சரிசெய்துகொள்ளும். அவர் முகம் கருநிழலாகிவிடும். அவரே வாயிலை நோக்கித் திரும்பி அமர்ந்தால் முகம் ஒளிபெற்று விளங்கும். இதற்குச் செலவு யாதும் இல்லை. காமிராவைக் கண் மட்டத்திற்கு உயர்த்த நான்கு தடித்த புத்தகங்கள் போதும். கையில் ஏந்திய கைப்பேசி ஆடும் ஆதலின், அதற்கு ஒரு சிறு தாங்கி வாங்கலாம்.

முகம் தெளிவாகத் தெரிவதனால் கண்ணுக்கு மட்டுமே இன்பம் என்று எண்ணுதல் தவறு. பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் கூறியுள்ளார். செவி தடுமாறும்போது கண் அவ்விதழ்களின் அசைவைக் கண்டு சொல்லை உணர்கிறது. 1976-ஆம் ஆண்டில் மக்கர்க், மக்டொனால்டு என்னும் உளநூல் அறிஞர் இருவர், கண் காணும் உதட்டசைவு செவி கேட்கும் ஒலியையே மாற்ற வல்லது என்று ஆய்ந்து நிறுவினர். ஆகவே, முகத்தில் விழும் ஒளி தாயின் செவிக்கும் துணையாகிறது.

இணைப்பின் வலிமையும் நோக்கத்தக்கது. 720 வரிப் படத்திற்கு நொடிக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட் அளவு செய்தி செல்ல வேண்டும். குரலுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கும் வேண்டியதில்லை. இணைப்பு தளரும்போது படத்தை நிறுத்தினால் குரலைக் காத்துக்கொள்ளலாம்.

வீட்டினுள் ஒரு கண்ணைத் திறந்து வைப்பதில் எச்சரிக்கையும் வேண்டும். மூடியுள்ள காமிராவே தக்கது. பேச்சு முடிந்ததும் மூடிவிடுதல் வேண்டும். காமிரா இயங்கும்போது எரியும் விளக்கைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம். அறியாதார் அழைப்பை ஏற்றலாகாது.

மேற்கூறியவற்றால், பணம் செலவிடும் முறையும் விளங்கும். முதலில் உள்ள கருவியைக் கொண்டே பேசிப் பார்த்து, மறுமுனையில் உள்ளவரிடம் குறை கேட்டறிய வேண்டும். பின்னர், செலவின்றி இருக்கையையும் விளக்கையும் மாற்றியமைக்க வேண்டும். அதன்பின் ஒலிவாங்கி, இறுதியில் காமிரா. விலையுயர்ந்த காமிரா வாங்கிய மகன், தாய் மூன்றாம் முறை கேட்கத் தயங்குவதைக் காணாது விடுவானாயின், அவன் செலவு வீணே. எளிய ஹெட்போன் ஒன்றை அணிந்து, முகத்தில் ஒளி விழ அமர்ந்து, சொல்லைத் திருத்தமாகவும் மெல்லவும் கூறி, "அம்மா, மருந்து எத்தனை வேளை என்று சொல்லுங்கள்" என்று திரும்பக் கேட்பானாயின், தாய் புரிந்துகொண்டது அவனுக்கு உறுதியாகும். தொலைவில் இருந்தும் பெற்றோரைப் பேணும் கடமையில் இதுவும் ஒரு பகுதியே.