குண்டெலியின் சாட்சியம்

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் காரணமாம். எடையைக் குறைத்தால் நோய் போய்விடுமாம், ஊசி மாத்திரை எதுவும் வேண்டாமாம். வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் இந்தப் பேச்சுக்கு 'லெப்டின்' என்ற ஹார்மோனைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு ஆய்வைப் படிக்காமல் விட்டவர்களின் வேலை இது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினை 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. கொழுப்புக் கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. நோய் எதிர்ப்புக்கான டி செல்களையும் அது உசுப்பிவிடும் என்பது பிறகு தெரிந்தது. எம்.எஸ்.ஸில் நரம்பின் மயலின் உறையைத் தாக்குவதில் அந்த செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே சந்தேகம் எழுந்தது நியாயமே. இத்தாலியில் ஜூசெப்பே மத்தரேசே குழு, லெப்டின் சுரக்காத சுண்டெலிகளுக்கு எம்.எஸ். போன்ற நோயை வரவழைக்கப் பார்த்தது, வரவில்லை. லெப்டினைச் செலுத்தியதும் வந்தது. வதந்தி குப்புற விழுவது இங்கேதான். லெப்டின் இல்லாத எலி ஒல்லியானதல்ல. பசி அடங்காமல் தின்று தின்று ஊதிப் பெருத்த எலி அது. கொழுப்பே நோயைக் கொண்டுவரும் என்றால் முதலில் விழ வேண்டியது அதுதானே?

பருமனுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், 18 வயதில் பருமனாக இருந்த பெண்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. வளர்ந்த பிறகு இருந்த எடைக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. அரிதான நோயின் இரு மடங்கும் அரிதுதான் என்பதை மறக்க வேண்டாம். எம்.எஸ். ஆபத்தோடு தொடர்புடைய வைட்டமின் டி அளவையும் பருமன் குறைக்கிறது. ஆகவே குற்றம் முழுவதையும் லெப்டின் தலையில் கட்ட முடியாது. 2022-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் ஆபத்து 32 மடங்காவது தெரிந்தது. அதன் எதிரே இரு மடங்கு எம்மாத்திரம்? வருமுன் ஆபத்தைக் கூட்டும் ஒன்றை, வந்தபின் நீக்கினால் நோய் குணமாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. எடை குறைப்பது இதயத்துக்கும் மூட்டுக்கும் நல்லது, தாராளமாகக் குறையுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமேப் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தியவர்களில் சிலருக்கு நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியிருக்கிறது.

மயலினில் கொழுப்பு அதிகம் என்பதால் நெய் குடித்தால் உறை வளரும் என்ற இன்னொரு பேச்சு, வயிற்றுக்கும் மூளைக்கும் நேர்க்குழாய் போடுகிற கற்பனை. லெப்டின் அளவைப் பார்த்து எம்.எஸ். வருமா என்று சொல்லவும் முடியாது. பெண்களுக்கு அது இயல்பிலேயே கூடுதல், பட்டினி கிடந்தால் இறங்கிவிடும். எடை விஷயத்தில் செய்யக்கூடியது பதின்பருவத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளிடமும், அதைக் கேட்டு வாங்கும் பெற்றோரிடமும்தான் சண்டை போட வேண்டும்; இந்த வதந்தியை ஃபார்வர்டு செய்யும் விரல்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்.