மருந்துச் சாளரத்தில் மதிப்பும் மறைகாப்பும்

ஏலத் தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே விடியுமுன் ஜீப்பில் சென்று பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவோர் நம் மாவட்டத்தில் பலர். அன்றைய கூலியை இழந்தே அவர்கள் மருந்து வாங்க வருகின்றனர். அவ்வாறு வந்த ஒருவரின் எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்கும்படி உரக்கப் பேசினால், அடுத்த மாதம் அவர் வராமலே இருந்துவிடக்கூடும்.

அந்த இடைவெளி ஆபத்தானது. ஏ.ஆர்.டி. மருந்துகள் வைரஸின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அதை முற்றிலும் அழிப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும்; மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸும் உருவாகலாம். தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவின் வழியே தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. ஆகவே, நோயாளியின் மானத்தைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மருந்தாளுநரிடம் மறைக்க வேண்டா

அச்சத்தால் விளையும் தீங்கு மற்றொன்றும் உண்டு. வயிற்றெரிச்சலுக்கோ இரத்தசோகைக்கோ வேறு கடையில் மருந்து கேட்பவர், தாம் உட்கொள்ளும் ஏ.ஆர்.டி. மருந்தைப் பற்றிக் கூறத் தயங்குகிறார். அமில முறிவு மருந்தும், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் டோலுடெக்ராவிர் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினுடன் அதன் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே, தனியே பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

சட்டம் கூறுவது

அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதையும் பாரபட்சம் காட்டுவதையும் அது தடை செய்கிறது. தனியார் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை.

ஊழியருக்கும் நீதி

இச்சட்டம் மருந்தாளுநருக்கும் உதவியாளருக்கும் அரணாகும். வேலைக்குச் சேர்வதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. ஊசி குத்திக் காயமுற்ற ஊழியர்க்குத் தடுப்பு மருந்தை இயன்றவரை உடனே, 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ஊழியர் கையால் மாத்திரை பெறுவதால் எவருக்கும் தொற்று வராது. அவரிடம் மருந்து வாங்க மறுப்பது அறியாமையேயாகும்.

உறவினர் செய்ய வேண்டியன

எழுத்தறியாதவருக்கு வேளையையும் அளவையும் சொல்லச் செய்து, அவர் வாயாலேயே திரும்பக் கேளுங்கள். அவர் இசைவின்றி நோயைப் பிறரிடம் கூறாதீர்கள். அவமதிப்பு நேர்ந்தால், இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் மருத்துவ நிறுவனங்களில் இருக்க வேண்டிய புகார் அலுவலரை அணுகுங்கள். ஆலோசனைக்கு 1097 என்னும் கட்டணமில்லா எண் உள்ளது. எக்காரணம் கொண்டும் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.