பறவையும் விமானமும்: பஞ்சாயத்துகளின் பொறுப்பு

விமானத்துக்கும் நமது பஞ்சாயத்துக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் சிலர் வினவக்கூடும். விமான நிலையத்தை அடுத்துள்ள ஊர்களுக்கு அத்தொடர்பு மிக நெருங்கியது. ஊர்ப்புறத்தில் நாம் கொட்டும் குப்பையே வானில் விபத்துக்கு வித்தாகக்கூடும்.

மோதலின் வன்மை

பருந்தின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவே. ஆயினும், பெரிய விமானம் தரையை விட்டு எழும்போது மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே, எஞ்சினுள் புகும் சிறு பறவையும் அதன் விசிறித் தகடுகளைச் சிதைக்கவல்லது. 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் எஞ்சின்களில் புகுந்ததால் விமானம் ஒன்று வீழ்ந்து 62 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில், பறவை மோதியதால் விமானம் ஒன்றின் எஞ்சின் தீப்பற்றியது. விமானம் திரும்பி வந்து இறங்கியதால் பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர்.

பறவைகள் வருவது ஏன்?

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும், தரைக்கு அருகிலேயே இத்தகைய மோதல்கள் பெரும்பாலும் நிகழ்கின்றன. நிலையத்துக்குள் புல்லைச் சீராக்குதலும், நீர் தேங்காமற் காத்தலும், வெடியொலியால் பறவைகளை விரட்டுதலும் அங்குள்ள அதிகாரிகளின் பணி. ஆனால் மதிலுக்கு வெளியே இறைச்சிக் கழிவு கிடக்குமாயின், பருந்தும் காகமும் நாள்தோறும் வந்து வட்டமிடும். இது கருதியே, 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதியில், விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதும் கழிவு கொட்டுவதும் தடை செய்யப்பட்டன.

ஓர் அனுபவம்

நான் பணியாற்றிய ஒன்றியத்தில், விமான நிலையத்தை ஒட்டிய பஞ்சாயத்து ஒன்றில் கோழிக்கடைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டி வந்தனர். அபராத எச்சரிக்கைப் பலகை நாட்டினோம். கழிவு இரவில் வந்து விழுந்தது. கூட்டத்தில் முதியவர் ஒருவர், “விமானம் ஏறாத நாங்கள் ஏன் இதற்குப் பாடுபட வேண்டும்?” என்றார். கேள்வி நியாயமானதே. “விமானம் ஏறுவதும் இறங்குவதும் நம் கூரைகளுக்கு மேலேதானே, ஐயா?” என்றேன். அவர் சற்று யோசித்து, “அப்படியானால் கடைக்காரன் கழிவை எங்கே போடுவது? இடத்தைக் காட்டுங்கள்” என்றார். இடம் காட்டாமல் தடை மட்டும் விதித்தது எங்கள் பிழை என அன்று உணர்ந்தேன். பின்னர் குழிகள் வெட்டி, கடைக்காரர்களிடமிருந்து கழிவை நேரே பெற்றுப் புதைக்க ஏற்பாடு செய்தோம். சில வாரங்களில் பருந்துகள் குறைந்தன. ஏரிக்கரை நாய்த்தொல்லையும் தணிந்தது.

செய்யத்தக்கவை

1. இறைச்சி, மீன், கோழிக் கழிவுகளை மூடிய கலங்களிற் சேர்த்து, அன்றன்றே அகற்றுக.

2. எருக்குழியில் கழிவை இடுந்தோறும் மண்ணும் சருகும் இட்டு மூடுக. திறந்த குழி பறவைகளுக்கு விருந்தாகும்.

3. இறந்த கால்நடைகளைக் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுக. வெளியில் எறிதல் கூடாது.

4. நிலையத்தை ஒட்டிய நிலங்களில் நெற்களத்தைத் திறந்து போடாமல், தானியத்தை விரைவில் அகற்றுக.

5. நாயும் நரியும் நுழையும் மதில் உடைப்புகளைக் கண்டால் நிலைய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க.

பறவைகளைக் கொல்வது தீர்வன்று. இரை உள்ளவரை, ஒன்று போனால் மற்றொன்று வரும். மேலும், பூச்சியைத் தின்னும் கொக்கும் எலியைப் பிடிக்கும் ஆந்தையும் உழவனுக்கு உற்ற துணை. இரையை அகற்றினால் அவை தாமே அகலும்.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில், தம் ஊர்க் கழிவு நாள்தோறும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அங்கத்தினர்கள் முதற் பொருளாக எடுத்து ஆராய்வார்களாக. அதற்கு ஓர் இடமும், பொறுப்பேற்க ஓர் ஆளும் குறித்துவிட்டால், ஊரின் தூய்மையும் வானில் செல்வோரின் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.