வீட்டிலே கட்டும் காருக்கு எந்த என்ஜின்?

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டப வாசலில் நான்கைந்து பெற்றோர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கள் பேரன் சொந்தமாகக் கார் கட்டுகிறானாமே, நீங்களும் கூட நிற்கிறீர்களாமே, படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், "என் பையனும் கேட்கிறான் சார், எந்த என்ஜின் வாங்குவது என்று எழுதிக் கொடுங்களேன்" என்றார். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வரி. 1979இல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இட்டார்சி டீசல் ஷெட்டில் கழித்து, ஓய்வுக்குப் பின் போபாலில் மகள் வீட்டருகே குடியிருக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காமல் டிப்ளமோவில் சேர்ந்தவன். வீட்டில் அதைப் பற்றி இன்னும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, இருவர் அமரும் சிறிய திறந்த கார் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஓராண்டாகப் பணம் சேர்த்து வந்தார்கள்.

முதலில் சட்டம்

ஆசையோடு தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வீட்டில் கட்டிய காரைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. ஒரு புதிய வாகன வகையைப் பதிவு செய்ய வேண்டுமானால் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்று வேண்டும். அதற்கு ஆகும் செலவு தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது. பதிவான வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றுவதும் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இந்தக் கார் தனியார் நிலத்தில், பந்தயத் தளத்தில், கற்றுக்கொள்வதற்காக ஓடும் கார். எங்கள் கார் ஒரு நண்பரின் பண்ணைக்கு டிரெய்லரில்தான் போகப் போகிறது. இதற்குச் சம்மதிக்காத பிள்ளைக்கு என்ஜின் வாங்கித் தராதீர்கள்.

1987இல் நான் செய்த தவறு

பேரனுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போன ஒரு நாளால் வந்தது. 1987இல் ரயில்வே காலனிக் குழந்தைகள் தினத்துக்காக நாங்கள் மூன்று நண்பர்கள் பழைய இரும்பில் சிறிய ஜீப் ஒன்று செய்தோம். அதில் 350 சி.சி. புல்லட் என்ஜினைப் பொருத்தினோம். வெறும் 18 குதிரைத் திறன்தான். ஆனால் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இருந்தது. ஒத்திகையின்போது தண்ணீர்த் தொட்டி அருகேயுள்ள இறக்கத்தில் நண்பர் பிரேக் அழுத்தினார். எடை முழுவதும் முன்பக்கம் சாய, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின. வண்டி பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. நண்பரின் இடது கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. ஓய்வு பெறும்வரை அவர் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். என்னை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

"எவ்வளவு வேகம் போகும்?" என்று நாங்கள் மூவரும் பத்து முறை கேட்டிருப்போம். "எவ்வளவு வேகத்தை நிறுத்த முடியும்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டியை விட 60இல் வரும் வண்டியில் பிரேக் இரண்டேகால் மடங்கு வேலை செய்ய வேண்டும். ஆகவே என்ஜின் தேர்வின் முதல் விதி: நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக் தாங்குகிற அளவுக்கு மேல் என்ஜின் வேண்டாம்.

பேரன் கொண்டுவந்த என்ஜின்

பேரன் ஆசைப்பட்டது கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளின் பழைய 373 சி.சி. என்ஜின். "தாத்தா, இது 43 குதிரைத் திறன். பழைய மாருதி 800க்கே 37தான்" என்றான். கணக்கு சரிதான். ஆனால் அந்த 43 எப்போது கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குதிரைத் திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்தது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, சுமார் 7,120ஆல் வகுத்தால் குதிரைத் திறன் வரும். அந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 35 நியூட்டன் மீட்டர். அது 7,000 சுற்றை ஒட்டித்தான் வருகிறது. 43 குதிரைத் திறன் 9,000 சுற்றை ஒட்டி. மாருதியின் 796 சி.சி. என்ஜினோ 2,500 சுற்றிலேயே 59 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதாவது 2,500 சுற்றில் அதன் கையில் ஏறக்குறைய 21 குதிரைத் திறன் தயாராக இருக்கிறது. அதே சுற்றில் மோட்டார் சைக்கிள் என்ஜின், தன் உச்ச முறுக்குவிசை முழுவதையும் தந்தால்கூட, ஏறக்குறைய 12தான் தரும்.

"பற்சக்கர விகிதத்தை மாற்றி ஈடுகட்டிவிடலாமே?" என்று கேட்டான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஈடுகட்டலாம். ஆனால் வேறு மூன்று கடன்கள் வந்து சேரும்.

ஒன்று, கிளட்ச். மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 225 கிலோ அளவில்தான் இருப்பார்கள். எங்கள் கார் ஓட்டுபவரோடு 550 கிலோ. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அதே கிளட்ச் தட்டுகள் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூட்டை விழுங்க வேண்டும்.

இரண்டு, எண்ணெய். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புவதால் சம்பிலுள்ள எண்ணெய் அடியிலேயே நிற்கும். கார் சாய்வதில்லை. வேகமாகத் திரும்பினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சும். சில வினாடிகளில் பேரிங் போய்விடும். சம்புக்குள் தடுப்புத் தகடு வைக்காமல் ஓட்டவே கூடாது.

மூன்று, ரிவர்ஸ் கியர் கிடையாது. செயினிலிருந்து இரண்டு பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தர டிஃபரன்ஷியலும் தனியாகத் தேட வேண்டும்.

மோட்டார் சைக்கிள் என்ஜினே தவறு என்று சொல்லவில்லை. கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் ஒற்றை இருக்கைக் கார்களுக்கு அதுதான் பொருத்தம். அவை மிகவும் எடை குறைந்தவை. எங்கள் காருக்கு அது பொருந்தாது. அவ்வளவுதான்.

எடை என்னும் மறைந்த என்ஜின்

டீசல் ஷெட்டில் நாங்கள் பராமரித்த டபிள்யூ.டி.எம்.-2 என்ஜினுக்கு 2,600 குதிரைத் திறன். 16 சிலிண்டர், உச்ச வேகமே நிமிடத்துக்கு 1,000 சுற்றுதான். எடை சுமார் 112 டன். சரக்கு வண்டியை நிலையிலிருந்து கிளப்பும்போது இழுவையைத் தீர்மானிப்பது அந்த 2,600 அல்ல. தண்டவாளத்தை அழுத்தும் 112 டன். அதனால் அங்கே எடை எங்களுக்கு நண்பன். காரில் அதுவே எதிரி.

ஓட்டுபவரைச் சேர்த்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத் திறன் என்று போட்டுப் பாருங்கள். பழைய அம்பாசடரின் 1,489 சி.சி. என்ஜினுக்குச் சுமார் 50 குதிரைத் திறன், ஓட்டுபவரோடு எடை 1,175 கிலோ அளவு, டன்னுக்கு 43. மாருதி 800க்கு 37 குதிரைத் திறன், 725 கிலோ, டன்னுக்கு 51. அதே 37ஐ எங்கள் 550 கிலோ காரில் வைத்தால் டன்னுக்கு 67. ஒரு ரூபாய்கூட என்ஜினுக்கு அதிகம் கொடுக்காமல் கிடைத்த சக்தி இது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி அதற்கு இல்லை. அதன் தொடக்க கால என்ஜின், சாதாரண ஃபோர்டு குடும்பக் காரின் 1,172 சி.சி. என்ஜின், சுமார் 40 குதிரைத் திறன். 1973இல் அந்த மாதிரியின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம், நாற்பது ஆண்டுகள் கழித்துத் தன் சிறிய காருக்குத் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? சுசூகியின் 660 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ என்ஜினும் சுசூகியின் பின் அச்சும்தான். இதைப் படித்தபோதுதான் எங்கள் கண் தெருமுனையில் நின்ற ஒரு வண்டியின் மேல் போயிற்று.

ஆம்னி ஏன்?

தமிழ்ப் படங்களில் கதாநாயகியைக் கடத்த வரும் அதே ஆம்னி வேன்தான்! மாருதி 800இல் என்ஜின் குறுக்காகப் படுத்து முன் சக்கரங்களை இயக்குகிறது. ஆம்னியில் அதே 796 சி.சி. குடும்பத்து என்ஜின் நீளவாக்கில் அமர்ந்து, கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சை இயக்குகிறது. லோட்டஸ் பாணிக் காருக்கு வேண்டிய அமைப்பு அப்படியே இருக்கிறது. ரிவர்ஸ் கியரும் டிஃபரன்ஷியலும் உள்ளேயே வந்துவிடுகின்றன. ஆம்னி தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டாலும் உதிரிப் பாகம் சிற்றூரிலும் கிடைக்கிறது. சக்தி அதிகம் வேண்டுவோர் ஜிப்ஸியின் 1,298 சி.சி. என்ஜினையோ ஈக்கோவின் 1,196 சி.சி. என்ஜினையோ பார்க்கலாம், இரண்டும் நீளவாக்கில் அமர்பவைதான். ஆனால் முதல் காருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

வேகக் கணக்கையும் முன்னரே போட்டுவிடலாம். 12 அங்குலச் சக்கரம் டயரோடு ஒரு சுற்றுக்குச் சுமார் 1.65 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதாவது சக்கரம் 606 சுற்று. பின் அச்சு விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நேரடி டாப் கியரில் என்ஜின் 3,030 சுற்று. 5,000 சுற்றில் மணிக்கு 99 கிலோமீட்டர். திறந்த காரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும், போதும்!

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

என்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஓடுகிற நிலையிலுள்ள முழு வண்டியை வாங்கினால் ரேடியேட்டர், வயரிங், அச்சு, ஸ்டியரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியதாகக் கிடைக்கும். ஊசிமுறை எரிபொருள் அமைப்பு உள்ள என்ஜின் என்றால் அதன் கணினிப் பெட்டியும் சென்சார்களும் அதே வண்டியிலிருந்துதான் வர வேண்டும். கற்றுக்கொள்பவர்களுக்குக் கார்புரேட்டர் என்ஜின் எளிது.

நாங்கள் பார்த்த முதல் வண்டியை விற்றவர், "பள்ளிக்கூட வேன், ஒரே டிரைவர்" என்று சத்தியம் செய்தார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் பால் விட்ட காபி போலக் குழம்பு ஒட்டியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று அதற்குப் பொருள். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது, திரும்பி வந்தோம். இரண்டாவது வண்டி கேஸில் ஓடியது. கேஸில் நெடுநாள் ஓடினால் வால்வு சீட் தேயும், அதையும் விட்டோம். மூன்றாவதில் கம்ப்ரெஷன் சோதித்தோம். மூன்று சிலிண்டர்களும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தன. 38,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை முறைப்படி ரத்து செய்து, காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகே முதல் போல்ட்டைக் கழற்றினோம். காகிதம் இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்; அது யாரோ ஒருவரின் திருடுபோன வண்டியாக இருக்கலாம்.

என்ஜினைக் கழற்றியதும் டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம்; சூடேறி வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். பானெட் வடிவத்தை வரையும் முன் சம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். பேரன்தான், "தாத்தா, சம்ப் தரையில் இடிக்காதா?" என்று கேட்டு, வரைபடத்தில் நான் போட்ட கோட்டை 40 மில்லிமீட்டர் மேலே தூக்கினான். அவன் சொன்னதுதான் சரி.

கடைசியாக

மாப்பிள்ளை முதலில் என்மேல் வருத்தமாகத்தான் இருந்தார். "மாமா, அவன் மார்க் வாங்க வேண்டிய நேரத்தில் நீங்களும் சேர்ந்துகொண்டு இப்படி..." என்று நிறுத்திக்கொண்டார். நான் வாதாடவில்லை. 1987 கதையை மட்டும் அவரிடம் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் குடும்பத்தில் யாருக்கும் அதை நான் முழுதாகச் சொன்னதில்லை. பிரேக் வேலை முடியாமல் என்ஜினைச் சட்டத்தில் ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிள்ளைகளிடமும் அதை எழுதி வாங்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரும்பு ஸ்டாண்டில் பூட்டிய அந்த என்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தோம். நான்காவது முயற்சியில் பிடித்தது. இருட்டிவிட்டதால் டார்ச் விளக்கு தேவைப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாப்பிள்ளை. "எண்ணெய் அழுத்தம் சரியாக இருக்கிறதா?" என்று அவரே மகனைக் கேட்டார், அவன் மீட்டரைப் பார்த்துச் சொன்னான். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

கார் முடிய இன்னும் ஆறு மாதமாவது ஆகும். இப்போது முன் சக்கர பிரேக் வேலை நடக்கிறது. நம் சங்கக் குடும்பங்களில் இயந்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள், பெண்களானாலும் பையன்களானாலும், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வரலாம். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டு வரட்டும். பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. டார்ச் பிடிக்க எப்போதும் ஆள் வேண்டியிருக்கிறது.