எருக்குழியும் சர்க்கரை நோயும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் உழவர்க்கு எருக்குழி ஒரு செல்வமாகும். மட்கிய சருகிலும் சாணத்திலும் ஈரமண்ணிலும் வாழும் பூஞ்சைகளே குப்பையை எருவாக்க உதவுகின்றன. அவற்றுள் ரைசோபஸ் முதலிய சிலவற்றின் வித்துக்கள் காற்றில் மிதந்து நம் மூக்கினுள் புகுவதுண்டு. வலுவான உடல் அவற்றை அழித்துவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலிலோ அவை வேரூன்றிக் 'கருப்புப் பூஞ்சை' என்னும் கொடிய நோயை விளைவிக்கும்.

இந்நோய் மருத்துவ உலகிற்குப் புதியதன்று. 1885-ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. எனினும் 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போதுதான் நம் மக்கள் இதனைப் பரவலாக அறிந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. மூச்சுத் திணறலுற்றோர் பலரின் உயிரை ஸ்டீராய்டு மருந்து காத்தது. ஆனால் அதே மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, இரத்தத்தில் சர்க்கரையையும் உயர்த்தவல்லது. ஆகவே மருத்துவர் ஆணையின்றி அதனை வாங்கி உண்ணுதல் பேராபத்தாகும்.

கட்டுப்படாத சர்க்கரை நோய் உடையோர், இரத்தப் புற்றுநோயாளர், மாற்று உறுப்புப் பெற்றோர் ஆகியோருக்கு அபாயம் மிகுதி. பூஞ்சை மூக்கிலிருந்து சைனஸ் என்னும் எலும்பு அறைகளுக்கும், பின்னர்க் கண்ணுக்கும் மூளைக்கும் பரவும். இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் சதை இறந்து கருத்துப்போகிறது. நோயின் பெயர் இதனால் வந்ததே.

முகத்தின் ஒரு பக்கம் வலி, வீக்கம் அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருமையான சளி, மேல்வாயில் கருந்திட்டு, பல் ஆடுதல், கண் வீங்குதல், பொருள்கள் இரட்டையாகத் தெரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சர்க்கரை நோயாளியிடம் இவை தோன்றினால், வெறும் பல்வலி என்றெண்ணிக் கைவைத்தியத்தில் நாள் கடத்தலாகாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தையோ திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடவேண்டும். இறந்த சதையை அறுவையால் அகற்றி, ஆம்போடெரிசின் பி என்னும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவர். தாமதம் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடும்.

இதற்கு அஞ்சி எருவைக் கைவிடவேண்டியதில்லை. எருவை அள்ளும்போது சர்க்கரை நோயாளிகள் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிதல் நன்று. எல்லாவற்றினும் முதன்மையானது சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தலே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறது.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களைக் கண்டறிந்து, மீண்டும் சிகிச்சை பெறச் செய்தல் வேண்டும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆதலால் நோயுற்றோரை ஒதுக்காது, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை சேர வண்டி ஏற்பாடு செய்து உதவுவது நம் அனைவரின் கடமையாகும்.